என் கொழுந்தன் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

என் கொழுந்தன் நடராஜன் தொலைக்காட்சியில் சுடப்பட்டுச் சாகும்போது, நிஜ நடராஜன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடிக்க முடியாத முறுக்கைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

மலாக்கா பக்கம், பத்து பெரண்டாம் என்ற ஊரில் குமரனின் வீடு. குமரன் என் கணவரின் அண்ணனுக்குப் பேரன். அந்த நாடகத்தை எழுதியவன் அவன்தான். வெள்ளைக்காரன் காலத்து மலாயா அவசரகாலத்தில் ஒரு சின்ன டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த மூன்று சகோதரர்களின் கதை. பன்னிரண்டு வாரம், ஞாயிறு சாயங்காலம். கடைசி வாரத்தைப் பார்க்கக் குடும்பத்தையே கூட்டியிருந்தான். நாற்காலி பற்றாமல் பாதிப் பேர் தரையில்.

மார்பில் குண்டு வாங்கிய கடைசித் தம்பி, பெரியண்ணன் மடியில் தலையை வைத்து நாலு நிமிடம் பேசினான். நடு அண்ணன் தூணில் முட்டிக்கொண்டான். வயலின் அழுதது. குமரனின் அம்மாவும் அழுதாள்.

"முடிஞ்சிருச்சா அண்ணி?" என்று கேட்டார் நடராஜன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.

"முடிஞ்சிருச்சு தம்பி. நீங்க செத்துட்டீங்க."

"சுட்டது யாரு?"

"தெரியல. காட்டுக்காரக் கம்யூனிஸ்ட்டா இருக்கலாம், போலீஸாவும் இருக்கலாம். ஒரே புகையா இருந்துச்சு."

"நல்லதுதான் லா. அடுத்த வாரம் மேக்கப் போட வேணாம்," என்றார் அவர்.

திருமணமாகி ஜாசின் டவுனுக்குக் குடிவந்த கதையை இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்த நாடகத்தை முதலில் உதறியாக வேண்டும். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரரை அந்த நடிகரின் முகத்தோடு நினைத்துக்கொள்வீர்கள்.

தட்டு ஏந்தியவள்

மூன்று பேர் நாள் முழுக்கச் சைக்கிள் பழுதுபார்க்கிறார்கள். ஒருவர் சட்டையிலும் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. பேசுவதெல்லாம் மேடைத் தமிழ். ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதற்குக்கூட "அண்ணா, இதோ" என்று தழுதழுக்கிறார்கள்.

நான் அந்த வீட்டில் வாழ்ந்த வருடங்களில் அவர்களில் ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்பிடித்துப் பார்த்ததில்லை. யார் முதலில் குளிப்பது என்று சண்டை. கோழிக் கழுத்துக்குச் சண்டை. சவரம் பண்ண ஒரே கண்ணாடி. அதற்கு மூன்று முகம். அதற்கும் சண்டை.

நடு அண்ணனின் மனைவி என்று ஒருத்தி வருகிறாள். அதாவது, நான். வாரம் தவறாமல் ஒரு தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு மொத்தம் இரண்டு வசனம். ஒன்று, "காப்பி ஆறிடப் போகுதுங்க." மற்றது, "எனக்குப் பயமா இருக்குங்க."

இதை எழுதும் முன் குமரன் ஒரு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அந்தக் காலத்தில் என்ன மாதிரிச் சேலை கட்டினீர்கள், எதில் காப்பி ஆற்றினீர்கள் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டான். கடைக்குப் போலீஸ் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தான். அவன் தாத்தா சொல்லி வளர்த்த கதை அது: அண்ணன்மாரைக் காப்பாற்ற, செய்யாத குற்றத்தைக் கடைசித் தம்பி தானே முன்வந்து ஏற்றுக்கொண்டான். கைதட்டு.

அந்தத் தாத்தா சொன்ன கதையில் தம்பி சாகவில்லை. சாவு குமரனின் கைங்கரியம்.

கடையும் மூன்று பேரும்

ஜாசின் பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் ஒரு பலகைக் கடை. முன்பாதி சைக்கிள், பின்பாதி வீடு. நடுவில் ஒரு கோணித் திரை. ரப்பர் பசை வாடை சோற்றில்கூட இருக்கும்.

மூத்தவர் கோவிந்தன். கடைக்கு முதலாளி என்று அவரே சொல்லிக்கொள்வார். வேலை செய்ய மாட்டார், வருகிறவர்களோடு பேசுவார். அவர் மனைவி அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். இரண்டாமவர் வேலாயுதம், என் வீட்டுக்காரர். கை நல்ல கை. வாய் மட்டும் அண்ணன் எதிரே திறக்காது. கடைசி, நடராஜன். அவருக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை. சக்கரத்துக்குக் கம்பி கோப்பதில் கெட்டிக்காரர். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, சினிமாவுக்குப் போவதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

நான் ஜாசினுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை பால் வெட்டியவள். என் அக்கா அஞ்சலை அங்கேயேதான் இருந்தாள். அவள் புருஷன் முனியாண்டி மாமாவும் வெட்டுக்காரர்தான்.

அவசரகாலத்துத் தோட்டத்தை வயர்லெஸும் ஜீப்பும் துப்பாக்கியுமாகக் காட்டுகிறார்கள். எங்களுக்கு அது வேறு. எங்களுக்கு அது வாசல்.

தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வெட்டுக்குப் போக ஒரே வாசல். விடியுமுன் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைத் தட்டி மறைப்புக்குள் ஒரு அம்மா சோதிப்பாள். கொண்டையை அவிழ்த்து உதறச் சொல்வாள். ஒரு பிடி சோறு இருக்கக்கூடாது. வெளியே போகிற சோறு காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடுமாம். அந்த நேரத்துக்கு வீட்டில் யாருக்குச் சோறு இறங்கும்? வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய், மத்தியானம் பாலைக் கொண்டுவந்து நிறுக்கிற வரைக்கும் பட்டினி.

எனக்கு அது பழகியிருந்தது. அக்கா அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள்.

இரண்டு பிடி அவல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். நெற்றியில் காயம். நெரையில், அதாவது வெட்டுகிற மர வரிசையில், மயங்கி விழுந்து மரத்தில் இடித்துக்கொண்டாளாம். அந்த வாரத்தில் இரண்டாவது தடவை.

"வேலைக்குப் போகாத அக்கா," என்றேன்.

"போகாட்டி மறுநாள் பேர் இருக்காது. வேற என்ன பண்ணச் சொல்றே?"

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டது நான்தான். இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் தட்டோடு நிற்கிறாளே, அவள் கேட்டாள்.

அவர் பட்டறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, சைக்கிள் சட்டத்தில் மாட்டுகிற காற்றடிக்கும் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பழைய பம்ப்தான். உள்ளே இருந்த தண்டையும் தோல் வாசரையும் எடுத்துவிட்டு, கைப்பிடியைத் திருகு மூடியாக மாற்றியிருந்தார். வெளியே பார்த்தால் தெரியாது. நான் அவலை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பிடி பிடித்தது. வாயில் போட்டு ஊறவைத்தால் போதும், அடுப்பு வேண்டாம்.

அவர் கையால் செய்த பொருள்களில் அதைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷனைப் பற்றிப் பின்னால் நல்லது சொல்ல அதிகம் இருக்காது.

பம்பை அக்காவிடம் கொடுத்தேன். எங்கள் ஜாசின் கடையில் வாங்கியது என்று மட்டும் மாமாவிடம் சொன்னாள், யார் செய்தது என்று சொல்லவில்லை. மாமா அவலை நிரப்பிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவார். நெரையில் அக்கா தின்பாள். இரண்டு மாதம் அவள் மயங்கி விழவில்லை.

பிறகு ஒரு நாள், வாசலில் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் சொந்தச் சைக்கிளில் காற்று இறங்கியிருந்தது. மாமாவின் பம்பைக் கேட்டார். மாமா அது கெட்டுப்போனது என்று சொல்லிப் பார்த்தார். "கொடு, பார்ப்போம்," என்று கான்ஸ்டபிளே கழற்றினார். கைப்பிடி கையோடு வந்தது. அவல் அவர் பூட்ஸில் கொட்டியது.

சுவரொட்டி, குண்டு, துரோகி என்று பன்னிரண்டு வாரம் சுற்றுகிறது குமரனின் நாடகம். எங்கள் வீடு ஒரு காற்றுப்போன டயரில் உடைந்தது. அதை எழுதினால் யார் பார்ப்பார்கள்?

"தம்பிதான்"

மாமாவை அடித்ததில், ஜாசின் சைக்கிள் கடை என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அதற்குள் போலீஸில் கணக்கு வளர்ந்திருந்தது: ஒரு பம்ப் அகப்பட்டால் நூறு பம்ப் காட்டுக்குள் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் ஜீப் வந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி, தமிழ் பேசுகிற மொழிபெயர்ப்பாளர் ஒருவர், துப்பாக்கியோடு மூன்று பேர். நான் திரைக்குப் பின்னால் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். கோணியில் ஒரு கிழிசல் உண்டு. எல்லாம் தெரிந்தது.

நடராஜன் கடையில் இல்லை. கம்பியும் டியூபும் வாங்க மலாக்காவுக்குப் போயிருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் பம்பை மேசைமேல் வைத்தார். "இந்தக் கடையில பம்ப் வேலை பாக்குறது யாரு?"

பெரியவருக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. "நான் கணக்குதான் பாக்குறேன் சார். பட்டறை வேலை எல்லாம் தம்பிதான்."

"எந்தத் தம்பி?"

தம்பி இரண்டு பேர். ஒருவர் எதிரே மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு நின்றார். பெரியவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நடராஜன் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்பிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கடைக்குள் வந்தார்.

"இவனா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவர் பெரியவரைப் பார்த்துக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமா," என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். அதிகாரி கத்தவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. நடராஜன், "என்ன ண்ணே? என்னது இது?" என்று மாறி மாறி இரண்டு பேரையும் கேட்டார். கம்பிக் கட்டைத் தோளிலிருந்து இறக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதை ஒரு போலீஸ்காரர்தான் வாங்கிக் கீழே வைத்தார்.

நான் எழுந்து திரையை விலக்கியிருக்கலாம். நான்கு அடி தூரம். கையில் மிளகாய் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜீப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "சோறு போடு," என்றார். போட்டேன். சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று கடிதங்கள்

நடராஜனைத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். வழக்கு கிடையாது, தீர்ப்பு கிடையாது. இரண்டு வருடத்துக்கு மேல்.

மாமாவை மூன்று வாரத்தில் விட்டுவிட்டார்கள். வெட்டுக்கு ஆள் வேண்டுமென்று தோட்டத்துத் துரை கேட்டாராம். அக்காவுக்குப் பெண் பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் பிழைத்துக்கொண்டது.

நாடகத்தில் பெரியண்ணன் தினமும் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறார். கண்ணீரில் மை கரைகிறது. நிஜத்தில் மூன்று கடிதம் போயிற்று. மூன்றையும் எழுதியது நான். ஆண்கள் பெயரைப் போட்டு, நான். "அங்க வேளாவேளைக்குச் சோறு போடுறான். நம்மளவிட நல்லாதான் இருப்பான்," என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதலையாகி நடராஜன் வந்த அன்று பெரியவர் மாலை வாங்கி வைத்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குப் பார்த்து மலாக்காவில் சாமான் வாங்க வேண்டியிருந்தது.

நடராஜன் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சமையல்கட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். முன்பல் ஒன்று இல்லை. எனக்கு அந்த நாலு அடி தூரத்தில் ஒளிந்தது போதும் என்று இருந்தது. சொல்லிவிட்டேன். பம்பைச் செய்தது யார், கேட்டது யார், எல்லாம்.

"முதல் நாளே தெரியும் அண்ணி," என்றார். "அந்தத் திருகைப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. அண்ணன் கை."

"பிறகு ஏன் சொல்லல தம்பி?"

"கேட்டவன் அறைஞ்சான். அறையிறவனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

இந்தப் பதிலை நான் அரை நூற்றாண்டுக்கு மேல் மனத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். பாசம் கீசம் என்று சொல்லாமல் வெறும் பிடிவாதத்தைக் காரணமாகச் சொன்னாரே, அதற்காகவே அந்த மனுஷனை மதித்தேன்.

அவர் கடைக்குத் திரும்பவில்லை. லாரி ஓட்டப் போனார். ஜாசினிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார். தீபாவளிக்கு வருவார், சாப்பிடுவார், போவார். அவர் முன்வாசலில் நுழைந்தால் என் வீட்டுக்காரர் பின்வாசலில் ஏதாவது வேலை கண்டுபிடிப்பார். ஒரே டவுன், ஒரே பாசார். இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்து நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லாமலே செத்துப்போனார். பெரியவரோ அந்தத் தியாகக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

நான் பேசிய வசனம்

மறுபடியும் அந்த ஞாயிற்றுக்கிழமை. திரையில் பெயர்கள் ஓடி முடிந்தன. குமரன் எழுந்து, "சின்னப் பாட்டி, எப்படி இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க," என்றான்.

உண்மையைக் கேட்டான். சொன்னேன். பம்ப் யார் செய்தது, "தம்பிதான்" என்று சொன்னது யார், "ஆமா" என்று சொன்னது யார், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது யார். இருபது பேர் நடுவில், ஒன்றையும் விடாமல்.

குமரனின் அம்மா முகம் சுண்டிப்போனாள். அவள் மாமனாரைப் பற்றி அல்லவா சொல்லிவிட்டேன்.

"என்ன பாட்டி, ரெக்கார்டர் வெச்சுக் கேட்டப்ப சொல்லியிருக்கலாம்ல?" என்றான் குமரன்.

"நீ சேலையைப் பத்திக் கேட்ட."

"இதை எடுத்தா ஆடியன்ஸ் ஏத்துக்க மாட்டாங்க லா பாட்டி. யார் மேலயும் பரிதாபம் வராது."

நான் எதிர்பார்த்தது நடராஜனின் முகத்தில் ஒரு நிம்மதியை. அவர் கைத்தடியைத் தேடி எடுத்து எழுந்தார். மகனைக் கூப்பிட்டார். "வீட்டுக்குப் போலாம்," என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அவர் இப்போது மகனோடு செங் என்ற ஊரில் இருக்கிறார். மூன்று வாரம் நான் தொலைபேசியில் கூப்பிட்டும் பேச வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுவா என்று வந்தது. நாலாவது வாரம் டாக்சி பிடித்து நேரிலேயே போனேன். இந்தத் தொடரில் அதை எழுத வேண்டும், சம்மதமா என்று கேட்க.

மகன் வேலைக்குப் போயிருந்தான். அவர் மட்டும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கேட்டேன்.

கைத்தடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "எழுதுங்க. ஆனா சரியா எழுதுங்க," என்றார்.

"சரியாத்தானே சொன்னேன்?"

"நான் உங்ககிட்ட சொன்னது பொய் அண்ணி. அறைஞ்சவனுக்குச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல, அது பொய். நான் சொன்னேன். நாலாம் நாளே சொல்லிட்டேன். மூணு பேரு அடிச்சானுங்க. வேலாயுதம்தான் செஞ்சான், எங்கண்ணன் வேலாயுதம்னு கத்துனேன். பேரு, அடையாளம் எல்லாம் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பாளன் சிரிச்சான். பிடிபட்டவன் எல்லாம் அண்ணன் செஞ்சான், தம்பி செஞ்சான்னு இதையேதான்டா சொல்றீங்கன்னான். நம்பல. அவனுங்க நம்பியிருந்தா அண்ணன் போயிருப்பாரு."



"அண்ணன் மூஞ்சியில முழிக்க எனக்கு முடியல," என்றார். " அதான் கடைக்கு வரல. அவருக்கு என்னைப் பாக்க முடியலன்னு நீங்க நெனச்சீங்க. எனக்குந்தான்."

முப்பது வருடத்துக்கு மேல் ஒரே டவுனில் ஒருவரைக் கண்டு ஒருவர் ஒளிந்த இரண்டு பேருக்கு நடுவில், ஒருவரை மதித்து ஒருவரை வெறுத்துக்கொண்டு, சோறு பரிமாறியிருக்கிறேன்.

எழுதியதும் வாசித்துக் காட்டச் சொன்னார். நேற்று போய் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் வீட்டுக்காரர் "ஆமா" என்று சொல்கிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு, முகாமில் தான் சொன்ன இடத்தை வாசிக்கச் சொன்னார். அதையும் வாசித்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான், இல்ல அண்ணி?" என்றார்.

"இல்ல தம்பி," என்றேன். "அவரை யாரும் அடிக்கல."